புது ஃபில்டர் போட்ட மறுநாள்

அவருக்குத் தெருவில் ஃபில்டர் என்று பேர். அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கிறது. அது வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் கூப்பிடுவதற்கு மட்டும். மற்றபடி பால்காரரிலிருந்து மாடி வீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் அவர் ஃபில்டர்தான். அவருடைய மோட்டார் சைக்கிளில் என்ன கோளாறு வந்தாலும் அவர் கழற்றுவது ஏர் ஃபில்டரை. ஹார்ன் அடிக்கவில்லையா, ஃபில்டர். முன் விளக்கு எரியவில்லையா, ஃபில்டர். பின் சக்கரம் பஞ்சராகித் தரையோடு தரையாகக் கிடந்த அன்றுகூட, ஃபில்டரை ஒரு தடவை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சீட்டுக்குக் கீழே பக்கவாட்டில் மூன்று திருகாணி போட்ட கறுப்பு மூடி ஒன்று இருக்கும். மூடியைத் திறந்தால் ஃபில்டர், ஃபில்டரை இழுத்தால் இன்ஜினுக்குக் காற்று போகிற ஓட்டை. அந்த வண்டியில் அவருக்குத் திறக்கத் தெரிந்த ஒரே கதவு அதுதான். தெரிந்த கதவைத்தானே யாரும் தட்டுவார்கள்.

வேலை, லிஃப்ட் கம்பெனியில். லிஃப்டைத் தொடுகிற வேலை இல்லை, போனைத் தொடுகிற வேலை. ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் இவர் மேஜையில் மணி அடிக்கும். இவர் எடுத்து, "பதறாதீங்க, ஆள் கிளம்பியாச்சு" என்பார். ஆள் அந்த நேரம் எங்காவது வாயில் வடையை வைத்துக்கொண்டு போனை எடுக்காமல் இருப்பான். அதனால் என்ன. இவர் குரலில் அந்த ஆள் கிளம்பி, வண்டியேறி, பாதி தூரம் வந்துவிட்டிருப்பான். பிறகு மெதுவாக, உள்ளே காற்று வருகிறதா, எந்த மாடிக்குப் போகவேண்டும், குழந்தைகள் எத்தனை பேர் என்று பேச்சை வளர்ப்பார். லிஃப்டுக்குள் அழுதுகொண்டு பேச ஆரம்பித்த ஒரு அம்மாள், கதவைத் திறந்ததும், "இருங்கப்பா, அவர்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்ததை முடிச்சுட்டு வரேன்" என்று வெளியே வர மறுத்தது கம்பெனியில் இன்றைக்கும் பேச்சு.

அப்பேர்ப்பட்ட வாய்க்கு வீட்டுக்குள் நுழைந்ததும் பூட்டு விழுந்துவிடும். எதிரே ஒரு முகம் இருந்தால் அவருக்குப் பேச்சு வராது. முகம் எவ்வளவு வேண்டியதோ, பேச்சு அவ்வளவு குறையும். "ம்", "சரி", "பாக்கலாம்" என்ற மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்தையும் ஒரு மகளையும் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார்.

மகளிடம் மட்டும் ஒரு விதிவிலக்கு இருந்தது. அது மோட்டார் சைக்கிள். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட ஆரம்பித்த நாளிலிருந்து, வண்டி நகர்ந்ததும் இருவருக்கும் வாய் திறந்துகொள்ளும். அவர் ரோட்டைப் பார்ப்பார், அவள் அவர் சட்டைக் காலரைப் பார்ப்பாள். வேதியியலில் ஃபெயில் ஆனதை அங்கேதான் சொன்னாள். ஒரு பையனைப் பற்றிச் சொன்னதும் அங்கேதான், அந்தப் பையன் சரிப்பட்டு வரவில்லை என்று ஆறு மாதம் கழித்துச் சொன்னதும் அங்கேதான். அவரும் ரோட்டைப் பார்த்தபடியே, "போனா போறான், முகரை" என்று பதில் சொல்லியிருக்கிறார். வண்டி நின்றதும், "வரேம்பா", "ம்". அவ்வளவுதான். அந்த வீட்டில் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ள இருந்த அறை அந்த சீட்டுதான்.

இப்படி இருக்கும்போது அவளுக்கு வேலை கிடைத்தது. வேறு ஊரில். காலையில் பஸ் ஏறினால் இருட்டும்போதுதான் போய்ச் சேரலாம். சந்தோஷத்தில் அவள் ஒரு தப்பு செய்துவிட்டாள். வண்டியில் ஏறும் வரைக்கும் பொறுக்காமல், சமையலறையில் வைத்து, நேருக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். வாயில் வந்தது ஒன்றுதான்.

"அவ்வளவு தூரமா?"

அதற்குப் பிறகு அவள் அந்த வேலையைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அப்பாவுக்கு இஷ்டமில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, பெட்டி வாங்குவது, படுக்கை கட்டுவது எல்லாவற்றையும் அம்மாவோடு வைத்துக்கொண்டாள். அந்த நாட்களாகப் பார்த்து அவருக்குக் காலை ஷிஃப்ட், அவள் எழுந்திருப்பதற்கு முன்பே கிளம்பிவிடுவார். வண்டியில் ஏற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பும் வரவில்லை.

அவருக்கு உள்ளே இருந்ததோ வேறு. "போயிட்டு வா. பிடிக்கலைன்னா எந்த நாளும் திரும்பி வந்துடு. ஏன்னு யாரும் கேக்க மாட்டோம்." இவ்வளவுதான். ஆபீசில் ஒரு போனுக்கும் அடுத்த போனுக்கும் நடுவில் இதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தார். எங்கே சொல்வது என்றுகூட இடம் பார்த்துவிட்டார். பஸ் நிலையம் போகிற வழியில் கிடங்குச் சுவரை ஒட்டி நேர் ரோடு ஒன்று. மேடு பள்ளம் கிடையாது, ஹார்ன் அடிக்கவும் ஆள் கிடையாது. அந்த வாக்கியம் அங்கே அளவாகப் பொருந்தும். அம்மாவும் சாமான்களும் ஆட்டோவில், மகள் தன்னோடு மோட்டார் சைக்கிளில் என்று அவரே ஏற்பாடு செய்தார். அவர் வாயைத் திறந்து செய்த ஏற்பாடு என்பதால் யாரும் மறுக்கவில்லை.

வண்டிக்கு அப்போது ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் முக்கியமான காரியமாயிற்றே என்று, கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் புது ஃபில்டர் ஒன்று வாங்கி வந்து வாசலில் உட்கார்ந்தார். மாடி பால்கனியில் மாடி வீட்டுக்காரர் வந்து நின்றார். ஏதோ ஆபீசில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். நின்றது சம்பளம்தான், மேற்பார்வை நிற்கவில்லை.

"ஓட்டையை அப்படியே திறந்து வச்சா தூசி உள்ள போயிடும் ஃபில்டர். துணி வச்சு அடைச்சுக்குங்க."

நல்ல யோசனைதான். வண்டி துடைக்கிற பழைய பனியன் துணியைச் சுருட்டி ஓட்டையில் திணித்துவிட்டு, சுற்றியிருந்த அழுக்கை பிரஷ்ஷால் தட்டினார். அப்போதுதான் மகள் கதவருகே வந்தாள்.

"அப்பா, நாளைக்கு நீங்கதான் விடறீங்களா? இல்ல நானும் அம்மாகூட ஆட்டோல போயிடவா?"

"நான்தான்."

"இல்ல, உங்களுக்குச் சிரமம்னா..."

"நான்தான்னு சொல்றேன்ல."

வாசல் விளக்கு நேராக அவள் முகத்தில் விழுந்தது. அவர் சட்டென்று குனிந்து புது ஃபில்டரை எடுத்து உள்ளே தள்ளி, மூடியை வைத்து, மூன்று திருகாணியையும் முறுக்கிவிட்டு நிமிர்ந்தார். அவள் போய்விட்டிருந்தாள். துணி என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு, வாளிக்குள் வாளிக்குள் வாளியாக ஏதேதோ. எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு இரண்டு பேர் ஒட்டி உட்காரத்தான் இடம் மிஞ்சியது. அவர் வண்டியில் ஏறிப் பொத்தானை அமுக்கினார். கர்ர்ர் என்றது. மறுபடி அமுக்கினார். கர்ர்ர். இறங்கி உதைத்தார். வண்டி தொண்டையைச் செருமிக்கொண்டது. ஏதோ சொல்ல வந்து வேண்டாம் என்று விட்டுவிட்ட மாதிரி. அந்த விஷயத்தில் அதுவும் அவர் மாதிரிதான்.

"என்ன ஃபில்டர், பெட்ரோல் இருக்கா?" மேலேயிருந்து.

டாங்கை ஆட்டினார். சளசளவென்று கேட்டது. "இருக்கு சார்."

"சாவி போட்டிருக்கா?"

"சாவி போடாம செல்ஃப் எப்படி சார் சுத்தும்?"

"கேட்டேன். கேக்கறதுல என்ன தப்பு. ஏர் ஃபில்டர்?"

"நேத்துதானே புதுசு போட்டேன். நீங்களும்தான் பாத்தீங்க."

"ஆமாமா, என் கண்ணால பாத்தேன். அதுல ஒண்ணும் இருக்காது."

இப்படியாக, இரண்டு சாட்சிகளின் பேரில் ஏர் ஃபில்டர் விடுதலை செய்யப்பட்டது. அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, வண்டி மக்கர் செய்தபோது அந்த மூன்று திருகாணியைத் தொடவில்லை. அது ஒன்றுதான் தெரியும், அது சரியாக இருக்கிறது என்பதும் தெரியும். ஆகவே மிச்சமிருந்தது முழுக்கத் தெரியாத பிரதேசம்.

சீட்டுக்கடியில் வண்டி வாங்கிய நாளில் கொடுத்த ஸ்பானர் பை, பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல் இருந்தது. அதைக் கிழித்து, எது எதற்கென்று தெரியாமல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஒரு வழியாக ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். பிளக் நனைந்திருந்தது. பெட்ரோல் நாற்றம் குப்பென்று அடித்தது.

"ஈரமா இருக்கு சார்."

"ஈரம்னா பெட்ரோல் வருதுன்னு அர்த்தம். நல்லதுதான்."

"நல்லதுன்னா ஏன் சார் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது?"

"அது வேற விஷயம்."

மகள் தோள் பையோடு பக்கத்தில் வந்து குனிந்து, போனில் விளக்கைப் போட்டுப் பிடித்தாள். இருவர் தலையும் இன்ஜின் பக்கம். அவள் அவரைப் பார்க்கவில்லை, அவர் அவளைப் பார்க்கவில்லை. வண்டி நகரவில்லையே தவிர, மற்றதெல்லாம் வண்டியில் போகிற மாதிரியேதான் இருந்தது. இதுவும் கணக்கில் சேரும், சேர்த்துக்கொள்ளலாம் என்று அவருக்குப் பட்டது.

"வந்து..."

"என்னப்பா?"

"அங்க போயி..."

"பிளக்கை நல்லா ஊதுங்க ஃபில்டர்," என்றார் மேலேயிருந்தவர். "வாயால. பலமா."

ஊதினார். சேர்த்து வைத்திருந்த மூச்செல்லாம் அதிலேயே போய்விட்டது.

மெக்கானிக்குக்குப் போன் போட்டார். இரண்டு தெரு தள்ளிக் கடை. மணி அடித்து அடித்து, கடைசியில் ஒரு குரல் எடுத்தது. இவர் நிலைமையைச் சொன்னார்.

"பதறாதீங்க சார். ஆள் கிளம்பியாச்சு."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துக்கொண்டார். கோபம்கூட வரவில்லை. கிளம்பியாச்சு என்பதைக் கொஞ்சம் இழுத்துவிட்டான், அங்கே இழுக்கக்கூடாது, இழுத்தால் பொய் தெரிந்துவிடும் என்று மட்டும் தோன்றியது. இத்தனை வருஷமாக இருட்டுப் பெட்டிகளுக்குள் நின்றுகொண்டு அவரை நம்பிய அத்தனை பேரும் ஒரு வரிசையாக மனதில் வந்து நின்றார்கள்.

ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். "சார், பஸ்ஸுக்கு உங்க வண்டி மேல பாசம் கிடையாது. அது போயிடும்."

"அவளை விடுங்க," என்றாள் மனைவி ஆட்டோவுக்குள்ளிருந்து. "வண்டியை மடியில போட்டுக் கொஞ்சறதை அப்புறம் வச்சுக்குங்க."

மகள் விளக்கை அணைத்தாள். "நான் ஆட்டோலயே போறேன்பா."

"நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாலயே வந்துடறேன். பதறாதீங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அவளுக்கும் விழுந்திருக்க வேண்டும்.

"ஆள் கிளம்பியாச்சா?" என்றாள், சிரிப்பு பாதியும் என்னவோ பாதியுமாக.

"ஆச்சு."

ஆட்டோ முனை திரும்பியது. இன்னொரு ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போகலாம் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. போய்? பஸ் நிலையத்தில் அவள் எதிரே போய் நிற்பதற்கா? நிற்பதற்கு அவருக்கு ஆட்டோ தேவையில்லை. பேசுவதற்குத்தான் வண்டி தேவை. ஆகவே பிளக்கைத் துடைத்து மாட்டி உதைத்தார். வலது கால் மரத்ததும் பக்கம் மாறி நின்று இடது காலால் உதைத்தார். அது பெயருக்குத்தான் உதை, பார்ப்பவர்களுக்கு வண்டியோடு ஏதோ மனஸ்தாபம் என்றுதான் தோன்றும். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மெக்கானிக் வரவில்லை. வரமாட்டான் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

களைத்துப்போய் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் எதுவும் முடிவு செய்யவில்லை. விரல்களே போய் முதல் திருகாணியைப் பிடித்தன. இரண்டாவது. மூன்றாவது. மூடி வந்தது. ஃபில்டர் வந்தது. புதுசு, ஒரு அழுக்கும் இல்லை. அதற்குப் பின்னால், ஓட்டையை அடைத்துக்கொண்டு, அவருடைய பழைய பனியனின் தோள்பட்டை.

இழுத்தார். பெட்ரோல் வாசத்தோடு முழம் முழமாக வந்தது.

மாடி வீட்டுக்காரர் பால்கனிக் கம்பிக்கு மேலே எட்டிப் பார்த்தார். பிறகு, "அது நேத்து வச்ச துணியா?"

"ஆமா சார்."

"நான் எடுக்க வேண்டாம்னு சொல்லலையே."

"இல்ல சார். வைக்கத்தான் சொன்னீங்க."

"வச்சா எடுக்கணும்கிறதும் ஒருத்தர் சொல்லணுமா," என்று சொல்லிவிட்டு மாடி வீட்டுக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு உதைத்தார். உள்ளே தேங்கியிருந்ததெல்லாம் கறுப்புப் புகையாக வெளியே வந்தது. நாலைந்து உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. எவ்வளவு நல்ல சத்தம். அப்படி ஒரு சத்தம் அந்த வண்டிக்கு வந்து வருஷக்கணக்காயிற்று.

கிடங்குச் சுவர் ரோட்டில் அவர் தனியாகப் போனார். சொல்லிவைத்த மாதிரி, அந்த வாக்கியம் அதே இடத்தில், ஒரு எழுத்துக் குறையாமல் வாய்க்கு வந்து நின்றது. பின் சீட்டில் காற்று உட்கார்ந்திருந்தது.

பஸ் இன்னும் போகவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, டிரைவர் மட்டும் ஏறவேண்டும். படிக்குப் பக்கத்தில் மனைவியும் மகளும். அவரைப் பார்த்ததும் மகள் இரண்டடி முன்னால் வந்து, நேராக, எதிரே நின்றுவிட்டாள். பகல் வெளிச்சத்தில் முழு முகம்.

"என்னப்பா ஆச்சு வண்டிக்கு?"

"பிளக்," என்றார்.

"பிளக்கா?"

"கரி பிடிச்சிருந்தது. சில சமயம் அப்படி ஆகும். பெட்ரோல் வரும், ஆனா பொறி வராது. துடைச்சு மாட்டினா சரியாயிடும். பழைய வண்டியில சகஜம்." முகத்துக்கு நேராக அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பேசிக்கொண்டே போனார். "மழைக்காலத்துல இன்னும் ஜாஸ்தி ஆகும்."

"மூக்குல கரி."

அவர் அவசரமாகப் பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்து மூக்கைத் துடைத்தார். பெட்ரோல் நாற்றம் அடித்த பிறகுதான் அது எந்தத் துணி என்று புரிந்தது. மகள் துணியைப் பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலம் கதவருகே நின்றவள் அவள். அவர் கையையும் ஓட்டையையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"பிளக்தானேப்பா?"

"பிளக்தான்."

டிரைவர் ஏறினார். மகள் ஒரு நொடி நின்றாள். அவரும் நின்றார். வாக்கியம் தொண்டை வரை வந்தது. எதிரே முகம்.

"ஜன்னல் சீட்டுதானே?" என்றார்.

"ம்," என்றாள் அவள். அந்த வார்த்தை யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை. "வரேம்பா."

"ம்."

பஸ் போனது. ஜன்னலில் கை தெரிந்தது, பிறகு மற்ற ஜன்னல்களின் கைகளோடு கலந்துவிட்டது.

திரும்பும்போது மனைவி பின்னால் உட்கார்ந்தாள். அவருக்கும் அவளுக்கும் வண்டியில் பேசிப் பழக்கமில்லை. அவள் எப்போதும் ஒரு கையில் பையும் மறு கையில் உயிருமாக உட்காருகிறவள். கிடங்குச் சுவர் வந்தது. ரோடு நேராயிற்று. யாரோ தள்ளிவிட்ட மாதிரி அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

"போயிட்டு வா, பிடிக்கலைன்னா எந்த நாளும் திரும்பி வந்துடு, ஏன்னு யாரும் கேக்க மாட்டோம்னு சொல்லலாம்னு இருந்தேன்."

"யார்கிட்ட? என்கிட்டயா?"

"அவகிட்ட."

"சொல்றதுக்கென்ன? பத்து நிமிஷம் வாய் மூடாம பேசிக்கிட்டுதானே நின்னீங்க."

"அது பிளக்கைப் பத்தி."

மனைவி பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் சொல்லிட்டேன்."

"என்னத்த?"

"இதைத்தான். நீங்க தூக்கத்துல ஒரு வாரமா இதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கீங்க. ஆட்டோல வரும்போது சொன்னேன். அப்பா இப்படிச் சொன்னாருன்னு, ஒரு வார்த்தை விடாம சொன்னேன்."

அவருக்குக் கண்ணை என்னவோ செய்தது. காற்றுதான், வேறென்ன. "என்ன சொன்னா?"

"நம்பலை."

"ஏன்?"

"'அப்பா அவ்வளவு நீளமா எல்லாம் பேச மாட்டாரும்மா, நீங்களா சொல்றீங்க'ன்னுட்டா."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். போனை எடுத்தார். கட்டைவிரல் மகள் பேருக்கு மேலே போய் நின்றது. போனில் முகம் தெரியாதுதான். ஊரார் அத்தனை பேரிடமும் அந்தக் குரலில்தான் பேசுகிறார். பதறாதீங்க என்கிற அதே குரல்தான் இதற்கும் வரும் என்று அவருக்குத் தெரிந்தது. அந்தக் குரலில் ஆள் கிளம்பியாச்சு என்றால் என்ன அர்த்தம் என்று, சின்ன வயதிலிருந்தே அவளுக்கும் தெரியும்.

"எதுக்கு நிறுத்தினீங்க?" என்றாள் மனைவி.

போனைப் பாக்கெட்டில் வைத்தார், பனியன் துணிக்குப் பக்கத்தில்.

"சும்மா. சத்தம் எப்படி இருக்குன்னு கேட்டேன்."

இருவரும் கேட்டார்கள். வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.